பட்டு மாதிரித் துணியில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்து சரிசெய்யும் வழி

சென்னை எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒரு சுற்று வந்தால் ‘சாஃப்ட் சில்க்’, ‘செமி சில்க்’, ‘ஆர்ட் சில்க்’, ‘காஞ்சி மாடல்’ என்று விதவிதமான பெயர்களில் புடவைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பளபளப்பு, பார்டர், முந்தானை எல்லாம் பட்டு போலவே இருக்கும். விலை மட்டும் பட்டு விலைக்குப் பக்கத்திலேயே வராது. இந்தத் துணியை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. வீட்டில் ஒரு விசேஷம் என்றால் நாலைந்து பெண்களுக்கு ஒரே நேரத்தில் புடவை எடுக்க வேண்டிய குடும்பத்துக்கு இதுதான் கைகொடுக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் வரும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கும் கடை எங்களுடையது. கெட்டுப்போய் வரும் துணிகளைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எந்த நூலில் நெய்தது என்று தெரியாமல், விஸ்கோஸைப் பாலியஸ்டர் போல முறுக்கிப் பிழிந்திருப்பார்கள், அல்லது பாலியஸ்டரைக் காட்டன் போல சூடாக இஸ்திரி போட்டிருப்பார்கள். ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம். அதனால் கீழே உள்ள எந்தக் கோளாறைப் பார்ப்பதற்கு முன்னாலும் நூல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த நூல் என்று பார்ப்பது

பட்டு மாதிரி என்று விற்கும் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது விஸ்கோஸ். சில சமயம் நைலான், அபூர்வமாக அசிடேட். பாவு (நீளவாக்கு) ஒரு நூலாகவும் ஊடை (குறுக்குவாக்கு) வேறு நூலாகவும் இருக்கும் கலப்புத் துணியும் உண்டு. கடைக்காரருக்கே பல நேரம் சரியாகத் தெரியாது, அதனால் பில்லில் இருக்கும் பெயரை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இடுப்பில் செருகும் உள்முனையில், ஓரத்திலிருந்து நீளவாக்கில் நாலைந்து இழைகளையும் குறுக்குவாக்கில் நாலைந்து இழைகளையும் தனித்தனியாக உருவிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் விரலால் முறுக்கி ஒரே திரியாக்குங்கள். கீழே ஒரு எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், கையில் புருவம் எடுக்கும் இடுக்கி. மின்விசிறியை அணைத்துவிட்டு, திரியின் நுனியை மெழுகுவர்த்திச் சுடர் அருகே மெதுவாகக் கொண்டுபோங்கள்.

பாலியஸ்டராக இருந்தால் சுடரைத் தொடுவதற்கு முன்பே நுனி பின்வாங்கிச் சுருளும். அப்புறம் உருகிச் சொட்டும், கரும்புகை வரும். ஆறியதும் நுனியில் கடுகு போல ஒரு கறுப்பு முத்து இருக்கும். நகத்தால் அழுத்தினாலும் நொறுங்காது. நைலானும் இப்படித்தான் உருகும், ஆனால் முத்து சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். விஸ்கோஸ் உருகாது. காகிதம் போலச் சட்டென்று பற்றி எரிந்து, காகிதம் எரிந்த வாடையோடு மெல்லிய சாம்பலாக விழும். அசிடேட் உருகவும் செய்யும், எரியவும் செய்யும், வினிகர் வாடை அடிக்கும். அசல் பட்டு மெதுவாக எரியும், முடி கருகின வாடை வரும், சுடரை எடுத்தால் தானே அணைந்துவிடும், கரி விரலில் பொடியாகும்.

நெருப்பு வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு இழையின் நடுவில் மட்டும் எச்சில் தொட்டு நனைத்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள். நனைந்த இடத்திலேயே சுலபமாக அறுந்தால் விஸ்கோஸ். நனைந்ததும் அதன் வலுவில் ஏறக்குறைய பாதி போய்விடும். பாலியஸ்டருக்கு நனைந்தாலும் காய்ந்தாலும் ஒரே வலு.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் நூலின் பிறப்பு. விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து வருவது. 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். செயற்கைப் பட்டு என்ற பெயரில் அதிகம் விற்றது அதுதான்; நம் ஊர் ‘ஆர்ட் சில்க்’ அந்த வழியில் வந்த பெயர். மரத்திலிருந்து வந்ததால் தண்ணீரை நன்றாகக் குடிக்கும். காற்றிலிருந்தே தன் எடையில் 13 சதவீதம் வரை ஈரம் இழுத்துக்கொள்ளும். பட்டு 11 சதவீதம் வரை இழுக்கும், நைலான் 4. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. பாலியஸ்டர் 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது, பெட்ரோலிய வழியில் வருவது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு விளக்கம் இந்த ஈரக் கணக்கிலேயே இருக்கிறது.

‘காலோடு ஒட்டிக்கிட்டு நடக்க விடமாட்டேங்குது’

இதில் இரண்டு வேறு கோளாறுகள் ஒரே மாதிரித் தெரியும். புடவையை உதறும்போது படபடவென்று சின்ன சத்தம் கேட்கிறதா, கைமுடி சிலிர்த்து நிற்கிறதா? அப்படியானால் அது நிலைமின்சாரம். பாலியஸ்டரில் ஈரம் இல்லாததால், உரசும்போது உண்டாகும் மின்னூட்டம் வெளியேற வழியில்லாமல் துணியிலேயே தங்கிவிடுகிறது. கடற்காற்று வீசும் ராயபுரம், காசிமேடு பக்கம் இது குறைவு. ஏசி கல்யாண மண்டபத்துக்குள் போனதும் ஆரம்பிக்கும்.

முதலில் உள்ளே என்ன கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சாட்டின் பாவாடை, நைலான் ஷேப்வேர் இரண்டும் பாலியஸ்டர் புடவையோடு உரசினால் ஒட்டத்தான் செய்யும். காட்டன் பாவாடைக்கு மாறினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. அலசும் கடைசித் தண்ணீரில் கொஞ்சம் ஃபேப்ரிக் கண்டிஷனர் விடலாம், அது நூலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். மண்டபத்தில் இருக்கும்போது அவசரமாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால், கையை நனைத்து உதறிவிட்டுப் பாவாடையின் வெளிப்பக்கத்தை ஒரு தடவை தடவிவிடுங்கள்.

சத்தமும் இல்லை, சிலிர்ப்பும் இல்லை, ஆனால் ஒட்டுகிறது என்றால் அது வியர்வை. அக்னி நட்சத்திரத்தில் கண்டிஷனர் போட்டுப் பிரயோஜனம் இல்லை. துணி வியர்வையைக் குடிக்காததால் அது தோலுக்கும் துணிக்கும் நடுவிலேயே நிற்கிறது. உறிஞ்சுவதற்கு உள்ளே காட்டன் வேண்டும். பிளவுஸுக்கும் இதேதான். பாலியஸ்டர் பிளவுஸ் பிட்டைக் கொண்டுவந்து, பாலியஸ்டர் லைனிங்கே போதும் என்று சொல்பவர்களிடம், கூடக் கொஞ்சம் ஆனாலும் பரவாயில்லை, காட்டன் லைனிங் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

‘இஸ்திரி போட்ட இடம் மட்டும் மினுங்குது’

பாலியஸ்டர் உருகுவது 250 டிகிரிக்கு மேல். ஆனால் அதற்கு வெகு முன்பே இளக ஆரம்பித்துவிடும். இஸ்திரிப் பெட்டியின் அடியில் அழுத்தத்தோடு இளகினால் உருண்டையாக இருக்கும் இழை தட்டையாகி, கண்ணாடி போல மினுங்கும். மடிப்பு, ஓரம், ஃபால்ஸ் விளிம்பு மாதிரிக் கனமான இடங்களில் முதலில் தெரியும்.

துணி லேபிளில் இஸ்திரிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. நைலானுக்கும் அசிடேட்டுக்கும் ஒரு புள்ளி. பாலியஸ்டருக்கு இரண்டு புள்ளி வரை தாங்கும், ஆனால் பளபளப்புத் துணிக்கு ஒரு புள்ளியில் ஆரம்பிப்பதே நல்லது. தெருமுனை இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டிதான். அதில் புள்ளியும் இல்லை, திருகும் இல்லை. கொடுக்கும்போதே ‘அண்ணா, இது சிந்தெடிக், மேலே துணி போட்டுத் தேயுங்க’ என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அனுபவப்பட்டவர்கள் காட்டன் வேட்டி, சட்டையெல்லாம் தேய்த்துப் பெட்டி தணிந்தபிறகுதான் இதை எடுப்பார்கள். அவசரம் என்று முன்னால் தள்ளக்கூடாது.

மினுக்கம் லேசாக இருந்தால் ஓரளவு போக்கலாம். நனைத்துப் பிழிந்த காட்டன் துண்டை மினுக்கத்தின் மேல் விரித்து, பெட்டியை அழுத்தாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து ஆவி இறங்க விடுங்கள். துண்டை எடுத்த உடனே, சூடு ஆறுவதற்குள், மென்மையான பிரஷால் இழை போகும் திசையில் தடவுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தும் அப்படியே இருந்தால் இழை நிரந்தரமாகத் தட்டையாகிவிட்டது. மேலும் சூடு காட்டினால் இன்னும் கெடும். துணி சுருங்கி மொறமொறவென்று ஆகியிருந்தால் அது உருகின இடம், அதற்கு வைத்தியம் இல்லை. அந்த இடம் கொசுவத்துக்குள் மறையும்படி புடவையைத் தலைமாற்றிக் கட்ட முடியுமா என்று பார்க்கலாம், அல்லது வெட்டி எடுத்துப் பாவாடை தைக்கலாம்.

இஸ்திரி போட்டதும் மேலே விரித்த வெள்ளைத் துணியில் புடவை நிறம் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் சூட்டைக் குறையுங்கள். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் அதிகச் சூட்டில் நேராக ஆவியாகி அடுத்த துணிக்குத் தாவும் குணம் உடையது. அடர்ந்த கருஞ்சிவப்பையும் வெளிர் பார்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் தேய்த்தால் பார்டரில் நிழல் விழுவது இதனால்தான். நடுவில் ஒரு வெள்ளைத் துணி வைத்துவிட்டால் போதும்.

‘மடிப்பு விழுந்தது, போகவே மாட்டேங்குது’

வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டு, சுழற்றி, அப்படியே டிரம்மில் ஆற விட்ட பாலியஸ்டரில் இது நடக்கும். 70, 80 டிகிரிக்கு மேல் பாலியஸ்டரின் உள்கட்டு தளரும், ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே இறுகிவிடும். கசங்கிய நிலையில் ஆறினால் கசங்கலே அதன் வடிவம்.

போக்குவதற்கும் அதே வழிதான். ஈரத்துணி போட்டு ஆவி கொடுத்து, மடிப்பு தளர்ந்ததும் கையால் நீவி, சமதளத்தில் விரித்தபடி முழுசாக ஆறும் வரை அசைக்காமல் விடுங்கள். பலர் தேய்த்த கையோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். சூடாக இருக்கும்போது மடித்தால் புது மடிப்பு உறைந்துவிடும். இந்தக் குணத்தை வைத்துத்தான் கொசுவம் வைத்தே ரெடிமேடாக விற்கும் புடவைகளைச் செய்கிறார்கள். துவைத்தாலும் கொசுவம் கலையாது.

விஸ்கோஸ் கசங்கினால் கவலை இல்லை, லேசான ஈரத்தில் உள்பக்கமாகத் தேய்த்தால் போய்விடும்.

‘ஒரே வாட்டிதான் துவைச்சேன், சுருங்கிடுச்சுண்ணா’

கடையில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. துணியைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது எங்கே சுருங்கியிருக்கிறது என்பதைத்தான்.

கீழ் விளிம்பில், ஃபால்ஸ் அடித்த அகலத்துக்கு மட்டும் அலை அலையாகச் சுருக்கம் இருந்தால் புடவை சுருங்கவில்லை. சுருங்கியது ஃபால்ஸ். பாலியஸ்டர் தண்ணீரில் கொஞ்சமும் அசையாது, நனைக்காமல் அடித்த காட்டன் ஃபால்ஸ் முதல் துவையலிலேயே சுருங்கும். புடவையைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஃபால்ஸைப் பிரித்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து, மறுபடி கைத்தையலில் தளர்வாக அடித்தால் புடவை பழையபடி விழும். பட்டு மாதிரிப் புடவைக்கு மெஷின் ஃபால்ஸ் அடிக்கச் சொல்லாதீர்கள், தையல் கோடு இறுக்கிப் பிடிக்கும். பிளவுஸில் லைனிங் மட்டும் சுருங்கி மேல்துணி உப்பலாக நிற்பதும் இதே கதைதான். தைக்கக் கொடுக்கும்போது லைனிங்கை நனைத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதம் ஆகும், அவ்வளவுதான்.

முழுப் புடவையும் சுருங்கி விறைத்திருந்தால் அது விஸ்கோஸ். தண்ணீர் குடித்து இழை பருத்து, நீளத்தில் குறைந்திருக்கும். அதைத் திரும்ப வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கண்டிஷனர் விட்டு அரைமணி நேரம் ஊறப்போடுங்கள். பிழியக் கூடாது. ஒரு பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே அழுத்தித் தண்ணீரை எடுங்கள். பாதி ஈரத்தில் கட்டில்மேல் விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று சீராக, மெதுவாக இழுத்து, அந்த ஈரத்திலேயே உள்பக்கம் தேய்க்க வேண்டும். முழு நீளமும் திரும்பாது, பெரும்பகுதி திரும்பும். நனைந்த விஸ்கோஸ் பாதி வலுவில்தான் இருக்கிறது என்பதை மறந்து வேகமாக இழுத்தால் நடுவில் கிழியும். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே ஒரு பக்கம் நீண்டு கோணலாகிவிடும். மாடியில் கொடி கட்டிக் காயப்போடுகிறவர்கள் நாலாக மடித்துக் கனம் பரவும்படி போடுங்கள்.

‘சாயம் போகுது’

தண்ணீரில் நிறம் கலங்குகிறதா, காய்ந்த துணி உரசியே நிறம் ஒட்டுகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்து உள்முனையில் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு காய்ந்த துணியால் வேறு இடத்தில் தேயுங்கள்.

ஈரத்துணியில் மட்டும் நிறம் வந்தால் பெரும்பாலும் விஸ்கோஸ். குளிர்ந்த தண்ணீர், தனியாக, சீக்கிரம் அலசி எடுப்பது என்று பழக வேண்டியதுதான். கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சிலவகைச் சாயத்தில் அந்த ஒரு தடவை கொஞ்சம் கட்டுப்படும், அவ்வளவுதான். அடுத்த தடவை மறுபடி போகும். செம்பு கலந்த ஜரிகை இருந்தால் உப்பு அதைக் கறுக்க வேறு வைக்கும்.

காய்ந்த துணியில் நிறம் ஒட்டினால் அடர் நிறப் பாலியஸ்டராக இருக்கலாம். பாலியஸ்டருக்குள் சாயம் சுலபத்தில் போகாது. ஆலையில் 130 டிகிரியில், அழுத்தத்தோடு ஏற்றுகிறார்கள். உள்ளே போகாமல் மேலே நின்ற சாயத்தைக் கடைசியில் நன்றாகக் கழுவி எடுக்காமல் விட்டால் அது உரசலில் வந்துகொண்டே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் திரவ சோப்பு போட்டு மூன்று நாலு தடவை தனியாகத் துவைத்தால் மேல்சாயம் போய்விடும், நிறம் பெரிதாக மங்காது.

ஒரு நிறம் அடுத்த நிறத்தில் இறங்கிவிட்டால் ஒரே விதி: காய விடாதீர்கள். ஈரமாகவே வைத்துக் குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். காய்ந்து, அதன்மேல் இஸ்திரியும் பட்டுவிட்டால் பெரும்பாலும் நிரந்தரம்.

எண்ணெய்க் கறை, போகாத வாடை

பாலியஸ்டர் தண்ணீரை விலக்கும், எண்ணெயை விரும்பி வாங்கும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், பந்தியில் சிந்திய சாம்பார், தோலின் பிசுக்கு எல்லாம் தங்கும். வியர்வை வாடை துவைத்தபின்னும் அக்குளில் நிற்பது அந்தப் பிசுக்கில்தான். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் பலர் சிந்தெடிக் புடவை கட்டுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. லேசாக இருக்கும், நனைந்தால் சீக்கிரம் காயும். ஆனால் வாடை போவதற்குச் சோப்பு மட்டும் போதாது.

கறையின் மேல் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த துணியிலேயே பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பை இரண்டு சொட்டு விட்டு, விரல்நுனியால் தடவி, பத்து நிமிஷம் விடுங்கள். அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு அலசுங்கள். வாடைக்கு, ஒரு வாளி தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி காற்றில் உலர்த்துங்கள். சென்ட் அடித்து மறைத்தால் அந்த எண்ணெயும் சேர்ந்து நூலில் தங்கும்.

மஞ்சள் கறைக்கு மட்டும் வழி வேறு. சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும், அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நன்றாக அலசிவிட்டு வெயிலில் போட்டால் மஞ்சளின் நிறம் தானே வெளுக்கும். நைலானாக இருந்தால் அதிக நேரம் வெயிலில் விடாதீர்கள், வெள்ளை நைலான் பழுப்பேறி வலு குறையும். பிளீச்சிங் பவுடர் எதற்கும் வேண்டாம். பாலியஸ்டர் தாங்கினாலும், விஸ்கோஸும் நைலானும் ஜரிகையும் தாங்காது. அசிடேட்டில் நெயில் பாலிஷ் கறை பட்டால், ரிமூவரைத் தொடவே கூடாது. அதில் இருக்கும் அசிட்டோன் துணியையே கரைத்து ஓட்டை போட்டுவிடும்.

பளபளப்பு போய் மங்கலாக, பிசுபிசுப்பாக இருந்தால்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் போர் தண்ணீரில் துவைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி போட்டால் நுரைக்குப் பதிலாக வெள்ளைப் பிசுக்கு வரும், அது இழைமேல் படிந்து பளபளப்பை மூடிவிடும். நூல் கெடவில்லை. சோப்புக்கட்டியை நிறுத்தித் திரவ சோப்புக்கு மாறுங்கள். ஒரு தடவை, ஒரு வாளி தண்ணீரில் இரண்டு மூன்று ஸ்பூன் வினிகர் விட்டு அலசி, கடைசித் தண்ணீர் மட்டும் லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ ஊற்றுங்கள். செம்பு கலந்த ஜரிகை இருந்தால் வினிகரைத் தவிர்க்கவும்.

ஜரிகை கறுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் படலத்தில் செய்த ஜரிகை கறுக்காது, உரியும், சூட்டில் சுருளும். செம்புக்கம்பி ஜரிகை கடற்காற்றிலும் வியர்வையிலும் கறுக்கும். கறுத்ததைத் தேய்த்து வெளுக்கப் பார்த்தால் மேல்பூச்சும் போய்விடும். பருத்தித் துணியில் சுற்றி வைத்து, கட்டிக் கழற்றியதும் காற்றாட விட்டு வைப்பதுதான் இருக்கிற ஒரே வழி.

நூல் இழுத்தால், உருண்டை வந்தால்

வளையலிலோ மெட்டியிலோ பைக் கால்வைக்கும் கம்பியிலோ மாட்டி ஒரு நூல் வெளியே வளையமாகத் தொங்கும். உடனே கத்திரியை எடுக்காதீர்கள், வெட்டினால் அங்கே ஓட்டை விழும். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வளையத்தின் இரு பக்கமும் துணி கோடு போல இறுகியிருப்பது தெரியும். அங்கிருந்துதான் அந்த நூல் வந்திருக்கிறது. மெல்லிய ஊசியின் நுனியால் வளையத்துக்கு அடுத்த இழையிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நூலை இறுகின பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே போங்கள். மிச்சம் நிற்பதை, ஊசியில் ஒரு தனி நூலைக் கோத்து அதன் வளையத்தில் மாட்டி உள்பக்கமாக இழுத்துவிடலாம். சாட்டின் நெசவில் நூல் நீளமாக மேலே மிதப்பதால் அதிகம் மாட்டும், கிரேப்பில் குறைவு.

உருண்டை உருண்டையாக வருவது நீள இழைத் துணியில் குறைவு, துண்டு இழை கலந்த துணியில் அதிகம். விஸ்கோஸில் வந்தால் தானே உதிரும். பாலியஸ்டர் இழைக்கு வலு அதிகம் என்பதால் உருண்டையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் லின்ட் ரிமூவர் போதும். பிளேடு வேண்டாம்.

பிளவுஸ் தையல் பிளக்கிறது

முதுகுக் கையடியில் பிளந்துகொண்டு வந்தால், தைத்தவர்மேல் கோபப்படுவதற்கு முன்னால் கிட்டத்தில் பாருங்கள். தையல் நூல் அறுந்திருந்தால் தையலில் குறை. தையல் நூல் முழுசாக இருக்க, அதன் பக்கத்தில் துணி ஏணிப்படி போல விரிந்திருந்தால் துணியின் இழைகள் நகர்ந்திருக்கின்றன.

பாலியஸ்டரைப் பட்டு மாதிரி ஆக்குவதற்குச் செய்யும் வேலைகளே இதற்கும் காரணம். பட்டு இழையின் குறுக்குவெட்டு முக்கோணம் போல இருப்பதால்தான் அதன் மினுமினுப்பு. அதைப் பார்த்து பாலியஸ்டரையும் மூன்று முனை வடிவில் இழுக்கிறார்கள். அப்புறம் காஸ்டிக் சோடா கரைசலில் ஓட்டி, இழையின் மேற்பரப்பைக் கொஞ்சம் அரித்து எடுத்து மெலிய வைக்கிறார்கள். எடை குறைந்து, இழைகளுக்கு நடுவே இடம் விட்டு, துணி பட்டு போலக் குழைந்து விழுகிறது. அழகு கூடுகிறது, இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது குறைகிறது. இறுக்கமான பிளவுஸில் கையைத் தூக்கும்போது அந்தப் பிடி விட்டுப்போகிறது.

பிளந்த கோட்டின் மேலேயே மறுபடி தைத்தால் நிற்காது. உள்ளே கூடுதல் துணி விட்டிருந்தால், விரிந்த இழைகளை நகத்தால் நெருக்கிவிட்டு, உள்பக்கம் மெல்லிய ஃபியூசிங்கை (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) குறைந்த சூட்டில் ஒட்டி, காட்டன் லைனிங்கையும் சேர்த்துப் பிடித்து, பழைய கோட்டுக்கு உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். இழுவையை லைனிங் தாங்கிக்கொள்ளும். ஊசி 11ஆம் நம்பரோ அதைவிட மெல்லியதோ, தையல் சின்னதாக, நூல் பாலியஸ்டர். புதிதாகத் தைக்கக் கொடுப்பவர்கள் பிட்டை வாங்கும்போதே இரண்டு கட்டைவிரலாலும் துணியை எதிரெதிரே அழுத்தித் தள்ளிப் பாருங்கள். இழை விலகி ஒளி தெரிந்தால் அந்தத் துணியில் உடம்போடு ஒட்டின அளவு வேண்டாம், அரை இஞ்ச் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள்.

தீப்பொறி பட்ட ஓட்டை

தீபாவளி முடிந்த வாரம் இப்படி வரும். சுற்றிலும் கறுப்பு முத்துக்களோடு சின்னச் சின்ன ஓட்டை. முத்துக்களை நறுக்கக் கூடாது, அவைதான் ஓட்டை மேலும் பிரியாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உள்பக்கம் அதே நிறத் துண்டு வைத்து, மேலே ஒரு சின்னப் பூ எம்பிராய்டரியோ சம்கியோ தைத்தால் மறைந்துவிடும்.

ஆனால் ஓட்டை எனக்குப் பெரிய விஷயம் இல்லை. உருகும் துணி தோலில் ஒட்டும் என்பதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். விளக்கேற்றும்போதும் அடுப்படியிலும் பட்டாசு வெடிக்கும்போதும் முந்தானையை இழுத்துச் செருகுங்கள், முடிந்தால் காட்டனுக்கு மாறிக்கொள்ளுங்கள். தீப்பற்றினால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். தோலோடு ஒட்டின துணியைப் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஒட்டாத பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓடவிட்டு, மாவு, பேஸ்ட், இங்க் எதுவும் தடவாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.